மலைப் பக்கம், ரோட்டுப் பக்கம்

கால்பந்து ஆட மூளை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியில் நான் ஒரு காலத்தில் மிக உறுதியாக இருந்தேன். வேண்டாம் என்பது என் கட்சி. அப்போது மைசூரில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். முக்கியப் பாடம் புள்ளியியல். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். எல்லையோரத் தமிழ் மலைக்கிராமமான மார்டள்ளியிலிருந்து மைசூர் வரைக்கும் என்னைக் கொண்டுவந்து சேர்த்தவை மதிப்பெண்கள். ஆகவே மதிப்பெண்தான் அறிவு, அறிவுதான் மதிப்பெண் என்பதில் எனக்குச் சந்தேகம் வரக் காரணமே இருக்கவில்லை. சந்தேகம் வந்தால் மூன்று வேளை சோறு எதற்காகப் போடுகிறார்கள் என்ற கேள்வியும் சேர்ந்து வந்துவிடும்.

சோறு போட்டவர்கள் என் தாய்மாமாவும் அத்தையும். மாமா கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறவர். கல்யாணமான புதிதில் வேலை தேடி மைசூருக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய ஒரே மகன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். இருவருக்கும் ஒரே அறை, ஒரே சைக்கிள், ஒரே நல்ல சட்டை. மச்சான் பி.யு.சி. என்று இங்கே சொல்லும் பிளஸ் டூவில் இயற்பியல் தாளில் இரண்டு முறை தோற்றிருந்தான். எங்கள் வட்டார அணிக்குக் கோல் கீப்பர்.

தசரா முடிந்த கையோடு மைசூரில் ஒரு நாக்-அவுட் போட்டி நடந்தது. தோற்றால் வீடு, ஜெயித்தால் அடுத்த சுற்று, சமன் என்றால் பெனால்டி. கால் இறுதியில் எங்கள் அணி ஜெயித்த மாலை, மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்றுகொண்டு, ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் மிதந்துகொண்டிருந்தபோது, நான் என் கட்சியைக் கன்னடத்தில் எடுத்து வைத்தேன்.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன் மச்சான். பந்து வருது, நீ விழற. இதுல மூளைக்கு என்ன வேலை?"

"எந்தப் பக்கம் விழணும்னு யாரு சொல்றா? உங்க காலேஜ் பிரின்ஸிபாலா?"

"அது பழக்கம். பூனைகூடத்தான் எலி எந்தப் பக்கம் ஓடும்னு பாத்துப் பாயுது."

"அப்ப பூனை புத்திசாலிதானே கணோ. நீ ஒரு எலி புடிச்சுக் காட்டு பாக்கலாம்."

"பூனை பி.யு.சி. பாஸ் பண்ணுமா?"

"நானுந்தான் பண்ணல," என்றான் மச்சான், பன்னை டீயில் நனைத்தபடி. "பூனையும் நானும் ஒரு கட்சி. நீ எலி கூடப் போய் உக்காந்து படி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் கேட்டது விளையாட்டுக்கு அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் என்று விளக்க ஆரம்பித்தேன். எங்கள் கேப்டன் சைக்கிள் கடை வைத்திருந்தவர், முப்பது வயதைத் தாண்டியவர். அவர் என் கையில் இன்னொரு டீயைத் திணித்து, "சும்னே இரப்பா, குடி" என்றார். பிறகு மச்சானைப் பார்த்து, அன்று முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்த செய்தியைச் சொன்னார்.

ஊருக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலையில் விளையாட்டுக்காரர்களுக்கான இடத்தில் ஒரு கோல் கீப்பரைப் பயிற்சித் தொழிலாளியாக வேலைக்கு எடுக்கப் போகிறார்களாம். அதிகாரி சனிக்கிழமை அரை இறுதிக்கு வந்து உட்கார்ந்து பார்ப்பாராம்.

மச்சான் பன்னைக் கீழே வைத்தான். ஏனென்றால் திங்கட்கிழமைக்கு மாமா வேறு ஏற்பாடு செய்திருந்தார். பெங்களூரில் பெரிய கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஆள் கேட்டிருந்தார். மகனைக் கூட்டிக்கொண்டு போய்க் கம்பி கட்டும் வேலையில் சேர்த்துவிடுவதாக மாமா வாக்குக் கொடுத்துவிட்டார். மச்சானுக்கு அந்த வேலை பிடிக்காது என்பதல்ல. அதற்குப் போனால் பந்து முடிந்தது என்பது அவனுக்குத் தெரியும். சனிக்கிழமை ஜெயித்து அதிகாரியின் கண்ணில் பட்டால் தொழிற்சாலை. இல்லையென்றால் திங்கட்கிழமை காலை பெங்களூர் பஸ்.

அன்றிரவே முடிவு செய்தேன், மச்சானை நான் காப்பாற்ற வேண்டும். அவனிடம் திறமை இருக்கிறது, என்னிடம் அறிவு இருக்கிறது, இரண்டையும் கூட்டினால் தொழிற்சாலை என்பது என் கணக்கு. இப்போது எழுதும்போது காது சூடாகிறது. அப்போது எனக்கு அது பெருந்தன்மையாகத்தான் தெரிந்தது.

எங்களுக்கு எதிரே ஆடப்போவது மண்டியாவிலிருந்து வந்த அணி. அவர்கள் எங்கேயோ ஒரு சத்திரத்தில் தங்கி, தினமும் காலையில் அதே மைதானத்தில் பயிற்சி செய்தார்கள். கடைசி அரை மணி நேரம் பெனால்டி. அந்த மைதானத்தில் ஒரே ஒரு கோல்போஸ்டுக்குத்தான் வலை இருந்தது. ஆகவே பெனால்டி எல்லாம் அங்கேதான். அந்தக் கோல்போஸ்டுக்கு ஒரு பக்கம் சாமுண்டி மலை, மறு பக்கம் ரோடு. நான் நான்கு நாள் காலை வகுப்பை விட்டுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து, ரூல்டு நோட்டில் கட்டம் போட்டு, யார் எத்தனை பந்தை மலைப் பக்கம் அடிக்கிறான், எத்தனையை ரோட்டுப் பக்கம் அடிக்கிறான் என்று குறித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக வகுப்பைத் தவறவிட்டது புள்ளியியலுக்காகத்தான் என்பதால் மனசாட்சி உறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நோட்டை மச்சானிடம் விரித்தேன்.

"இந்த மீசைக்காரன் முக்காவாசி மலைப் பக்கந்தான். இந்த நெட்டையன் ரோட்டுப் பக்கம். அஞ்சு பேருக்கும் போட்டு வெச்சிருக்கேன்."

அவன் நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான். வேண்டுமென்றே.

"மாப்ள, அடிக்கறவன் ஊணுற கால் இருக்கில்ல, அடிக்காத கால், அது எங்க பாக்குதோ பந்து அங்கதான் போகும். அதப் பாத்துட்டுத்தான் நான் விழறது. இதையெல்லாம் யாரு மனப்பாடம் பண்ணறது?"

"நீ எதுக்குப் பண்ணணும்? நான் கோல்போஸ்ட் பின்னாடி நிக்கறேன். ஒவ்வொருத்தன் வரும்போதும் சொல்றேன்."

"அவனுக்குக் கேக்காதா?"

"தமிழ்ல சொல்வேன். மண்டியாக்காரனுக்கு என்ன புரியும்?"

இதை நாங்கள் இருவரும் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மைசூரில் எங்களுக்குத் தமிழ் அப்படித்தான் இருந்தது. வாசலைத் தாண்டினால் கன்னடம். கடையில், பஸ்ஸில், காலேஜில், மைதானத்தில் எல்லாம் கன்னடம். யாருக்கும் கேட்கக் கூடாத விஷயம் என்றால் மட்டும் தமிழ். காய்கறிக்காரர் எதிரிலேயே கத்தரிக்காய் சொத்தை என்று அத்தை சொல்வதும், கண்டக்டர் எதிரிலேயே நாங்கள் அவருடைய தொப்பையைப் பற்றிப் பேசுவதும் தமிழில்தான். வீட்டுக்குள் இருக்கும் ஒரு அறையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு திரிவது போல அந்த மொழியை வைத்திருந்தோம்.

"செரி," என்றான் மச்சான் கடைசியில். "உன்ற படிப்புக்கும் ஒரு வேலை குடுத்த மாதிரி ஆச்சு."

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. மைதானத்தைச் சுற்றி நல்ல கூட்டம். தொழிற்சாலை அதிகாரி நாற்காலியில், வெயிலுக்குத் தொப்பி போட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் ஆட்டத்தையே பார்க்கவில்லை. ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டி வரவேண்டுமே என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் அணி முதல் கோலைப் போட்டபோது நான் மட்டும் முகம் வாடி நின்றதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்த பெரியவர், "மண்டியாவா தம்பி?" என்று கன்னடத்தில் ஆறுதலாகக் கேட்டார். அவர்கள் திருப்பிக் கோல் போட்டபோது நான் குதித்ததும் அவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி விசில். பெனால்டி.

நோட்டோடு ஓடிப்போய் வலைக்குப் பின்னால் நின்றேன். அணிக்கு ஐந்து உதை, மாறி மாறி. முதலில் எங்கள் ஆள் அடித்தான், கோல். அடுத்து அவர்களுடைய மீசைக்காரன் வந்தான்.

"மலைப் பக்கம் மச்சான்," என்று கத்தினேன்.

மச்சான் மலைப் பக்கம் பாய்ந்தான். பந்து அவன் கையில் பட்டுத் தெறித்து வெளியே போனது. கூட்டம் கூச்சலிட்டது. மச்சான் எழுந்து திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்தபோது என் அப்பா பார்த்த அதே பார்வை. நான் நோட்டைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். யாருக்குக் காட்டினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மலைக்குத்தான் காட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது ஆள் நெட்டையன். "ரோட்டுப் பக்கம், ரோட்டுப் பக்கம்" என்றேன். மச்சான் சரியான பக்கம்தான் பாய்ந்தான், விரல் நுனியில் உரசிக்கொண்டு உள்ளே போனது. கோல்தான், ஆனால் பக்கம் சரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாவது வந்தவன் குட்டையாக, சுருட்டை முடியோடு இருந்தான். என் நோட்டில் அவன் அசைக்க முடியாத மலைப் பக்கத்துக்காரன்.

"மலைப் பக்கம் மச்சான், இவன் கண்ண மூடிட்டு மலைப் பக்கந்தான்."

சுருட்டை முடிக்காரன் ஓடிவரும் முன்பு ஒருமுறை தலையைக் குனிந்து சிரித்தது போல எனக்குத் தோன்றியது. மச்சான் மலைப் பக்கம் முழு நீளத்துக்கு விழுந்தான். பந்து ரோட்டுப் பக்கம், குழந்தை தவழ்வது போல, மெதுவாக உருண்டு உள்ளே போனது.

புள்ளியியலில் அப்படி ஒன்றிரண்டு வரும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காவது ஆள் வருவதற்குமுன் சுருட்டை முடிக்காரன் அவன் காதோடு ஏதோ சொல்லிவிட்டு, பந்து வைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே நின்றுகொண்டான். நான் "ரோட்டுப் பக்கம்" என்று கத்தினேன். சுருட்டை முடிக்காரன் கன்னடத்தில் ஒரே ஒரு சொல் சொன்னான். பந்து மலைப் பக்கம் போனது.

மச்சான் ரோட்டுப் பக்கத்து மண்ணில் கிடந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் நோட்டைப் பார்த்தேன். அப்போதுதான் சுருட்டை முடிக்காரன், இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டான்.

"ஏனுங் தம்பி, அடுத்த ஆளுக்கு இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங். எங்காளு தூரமா நிக்கறான்."



"உங்களுக்கு எந்தூருங்க?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"கோபிநத்தமுங். மண்டியாவுல காலேஜு. உங்களுக்கு?"

"மார்டள்ளிங்க."

"அட, பக்கம். மலைப் பக்கந்தான்."

கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்தச் சிரிப்பில்தான் தெரிந்தது. மைதானத்தின் நாலா பக்கமும் சிரித்தார்கள். சுண்டல் விற்பவர் சிரித்தார். எனக்கு ஆறுதல் சொன்ன பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொப்பிக்குக் கீழே அதிகாரியும் சிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வகுப்பில் ஒருவனோடு ஒரு வருடம் முழுக்கக் கன்னடத்தில் பேசிப் பழகியிருந்தேன். அவன் அம்மா ஒருநாள் வந்து தமிழில் திட்டிய பிறகுதான் அவனும் தமிழன் என்று தெரிந்தது. அப்படியிருந்தும், பதினொரு பேர் வந்து நிற்கிறார்கள், அதில் ஒருத்தனுக்குக்கூடத் தமிழ் தெரியாது என்று நான் எப்படி நம்பினேன்? நானே வெளியில் கன்னடம் பேசித் திரிகிற தமிழன். இதை யோசிக்க வேண்டிய ஆள் மைசூரிலேயே நான் ஒருவன்தான்.

எங்கள் ஐந்தாவது ஆள் அடித்தான், கோல். நடுவில் ஒருவன் வெளியே அடித்திருந்ததால் எங்களுக்கு நான்கு, அவர்களுக்கு மூன்று. அவர்களுக்கு இன்னும் ஒரே உதை பாக்கி. உள்ளே போனால் சமம், மறுபடி ஆரம்பம். தடுத்தால் இறுதிப் போட்டி.

நோட்டின்படி ஐந்தாவது ஆள் ரோட்டுப் பக்கம். ரோட்டுப் பக்கம் என்று கத்தினால் மலைப் பக்கம் அடிப்பான். ஆகவே மலைப் பக்கம் என்று கத்தினால் ரோட்டுப் பக்கம் அடிப்பான், ஆனால் அதை மச்சானுக்கு எப்படிச் சொல்வது? நான் பொய் சொல்வேன் என்று கோபிநத்தத்துக்காரன் யோசித்தால்? அவன் அப்படி யோசிப்பான் என்று நான் யோசித்தால்?  சிரிப்பு ஒன்று வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை பெங்களூர் பஸ் நினைவுக்கு வந்ததும் அது நின்றது. கோல்போஸ்டுக்கு நடுவில் மச்சான் கையைத் தட்டிக்கொண்டு நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்தவனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நோட்டை மூடினேன்.

"மச்சான்," என்று கத்தினேன், ஊருக்கே கேட்கும்படி. "நான் சொன்னதெல்லாம் விட்டுரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. உனக்கு எது தோணுதோ அதப் பண்ணு."

அதையும் கோபிநத்தத்துக்காரன் கேட்டான். ஐந்தாவது ஆள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான், எந்தப் பக்கம் என்று சொல்வான் என. அவன் கையை விரித்தான். விசில் ஊதியாயிற்று. ஐந்தாவது ஆள் ஓடிவந்தான், பாதியில் தயங்கினான், மறுபடி ஓடினான். மச்சான் எந்தப் பக்கமும் பாயவில்லை. நின்ற இடத்தில் ஓர் அடி முன்னால் வைத்தான், பந்து நேராக வந்து அவன் நெஞ்சில் மோதியது, கட்டிப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான்.

அதற்குப் பிறகு சிறிது நேரம் யார் யாரைத் தூக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னையும் யாரோ தூக்கினார்கள். பிறகு பார்த்தால் அது கோபிநத்தத்துக்காரன். தோற்றவன் என்னைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தான். "நல்லாக் கத்துனீங்," என்றான்.

அதிகாரி எழுந்து வந்தார். மச்சான் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றான். கடைசிப் பந்துக்கு ஏன் பாயவில்லை என்று அவர் கன்னடத்தில் கேட்டார். ஊன்றிய கால் என்னை நேராகப் பார்த்தது சார், என்றான் மச்சான். அவர் தலையாட்டிவிட்டு, "திங்கட்கிழமை காலையில் மார்க்ஸ் கார்டு எடுத்துக்கொண்டு வா" என்றார்.

மச்சானின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குத் தெரியும் அவன் மனதில் எந்த மார்க்ஸ் கார்டு வந்தது என்று. நான் இருவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"சார், அந்த மார்க்ஸ் கார்டைப் பார்க்காதீர்கள்," என்று ஆரம்பித்தேன், கன்னடத்தில், மூச்சு விடாமல். "அவன் இயற்பியலில் இரண்டு தடவை தோற்றவன். ஆனால் சார், ஓடிவருகிறவனின் கால் எந்தக் கோணத்தில் ஊன்றுகிறது, பந்து எங்கே போகும், இவ்வளவும் அவன் அரை நொடியில் கணக்குப் போடுகிறான். நான் நான்கு நாள் போட்ட கணக்கு இதோ இந்த நோட்டில் இருக்கிறது, சார், நீங்களே பார்த்தீர்கள், இரண்டு கோல் வாங்கிக் கொடுத்தது. மதிப்பெண்தான் அறிவு என்று நான் நேற்று வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அது தப்பு சார்."

அதிகாரி நோட்டை வாங்கி ஒரு பக்கம் புரட்டினார். கட்டங்கள் அழகாகப் போட்டிருப்பதாகச் சொன்னார். பிறகு, "நான் கேட்டது எஸ்.எஸ்.எல்.சி. கார்டு" என்றார். "அதில் பாஸ்தானே?"

பாஸ் என்று மச்சான் தலையாட்டினான்.

"பிறகு எதற்கு இவர் அழுகிறார்?"

நான் அழவில்லை. அழுதேனோ என்னவோ. மச்சான் என் கழுத்தைக் கையால் வளைத்து இறுக்கி, "மாப்ள, நீ சொன்னத இன்னொரு தடவ சொல்லு, கேப்டன் கேக்கல" என்றான். மூன்று தடவை சொல்ல வைத்தான். மூன்றாம் தடவை கேப்டனும் சேர்ந்து சொன்னார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தோம். மாமா வாசல் படியில் உட்கார்ந்து பெங்களூருக்கு எடுத்துப்போகும் பையின் வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். மச்சான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். மாமா ஊசியை நிறுத்தாமல் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். எந்த விஷயமானாலும் கடைசியில் என் பக்கம் திரும்புவது அவர் வழக்கம்.

"படிச்ச புள்ள நீ சொல்லு சாமி. பந்து புடிக்கறதுக்கெல்லாம் வேல குடுப்பாங்களா? இவன்ற பேச்ச நம்பி மேஸ்திரிக்கு நான் என்ன சொல்றது?"

வழக்கமாக எனக்குப் பதில் தயாராக இருக்கும்.

"எனக்கு அதப்பத்தித் தெரியாதுங்க மாமா. மச்சானையே கேளுங்க. அதுல விசயம் தெரிஞ்ச ஆளு அவந்தான்."

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.  மாமா ஊசியைப் பையில் குத்தி வைத்துவிட்டு, மகனைப் பார்த்தார்.

"நீ என்னமோ காலப் பாத்துப் புடிப்பியாம். எங்க, காட்டு."

சந்தில் கோல்போஸ்டுக்குப் பதிலாக இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடங்களை வைத்தோம். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏழெட்டு அடி பின்னால் போய், மலையேறப் போகிறவர் போல மூச்சை இழுத்து, ஓடிவந்து உதைத்தார். செருப்பு ஒரு பக்கம் பறந்தது, பந்து மறு பக்கம். மச்சான் பந்துப் பக்கம் விழுந்து பிடித்தான். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் எங்க அடிக்கப் போறேன்னு எனக்கே தெரியல," என்றார் மாமா. "உனக்கு எப்படிரா தெரிஞ்சுது?"

மச்சான் குனிந்து, அவருடைய இடது பாதத்தைக் கையால் தொட்டுக் காட்டினான். மாமா தன் காலை முதல்முறை பார்ப்பவர் போலக் குனிந்து பார்த்தார்.

"மேஸ்திரிகிட்ட நாளைக்கு நான் பேசிக்கறேன்," என்று அவர் பாதத்தைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு இன்னொரு செருப்பையும் கழற்றிச் சுவரோரமாக வைத்துவிட்டு, பத்தடி பின்னால் போனார்.